மீதியைக் கட்டியது யார்?

அத்தியாயம் 2

சாயங்காலம் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் வாடிக்கையாளர்களைத் திருடுகிறவன் அகப்பட்டால் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால் பதினான்கு பெண்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டு அடுப்புகளை அணைத்துவிட வேண்டியதுதான்.

கம்பெனி அண்ணியுடையது. அன்று காலையிலும் டப்பாக்களை அவளேதான் கட்டி அனுப்பினாள்.

அண்ணி என்பது அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கணவனின் தம்பி அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுச் சமையலறைப் பெண்கள் கூப்பிட்டார்கள். அவர்களைக் கேட்டு டெலிவரி ஆட்கள். கடைசியில் அவளைவிட இருபது வயது மூத்த காய்கறிக்காரரும் அண்ணி என்றே பில் போட ஆரம்பித்துவிட்டார்.

கணவன் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தான். அவனுக்காக உப்பில்லாமலும் எண்ணெயில்லாமலும், அதே சமயம் வாய்க்கு விளங்கும்படியும் சமைக்கக் கற்றுக்கொண்டவள், அதையே தொழிலாக்கிக்கொண்டாள். மாதச் சந்தா கட்டினால் போதும். நோயாளிக்கும் வயதானவர்களுக்கும் தினம் இரண்டு வேளை, டாக்டர் சொன்ன அளவில், வீட்டு வாசலுக்கே சாப்பாடு வரும். ஐந்து வருடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஆறாவது வருடம்தான் எங்கேயோ பிய்த்துக்கொண்டது.

பேக்கிங் அறையில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார் ஆடிட்டர். ஐம்பதை நெருங்கும் குள்ளமான பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே பையில் துழாவிக்கொண்டிருந்தார். ஆடிட் வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து பல வருடம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

"தலையில இருக்கு மேடம்," என்றான் அவருடைய உதவியாளன். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமான ஆள். வாய் மூடாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். தூங்கும்போது மட்டும் மூடுவான் என்று சொல்வார்கள். அதையும் யாரும் உறுதி செய்ததில்லை.

"கணக்கைச் சொல்லுங்க தம்பி," என்றார் ஆடிட்டர்.

கொழுந்தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினான். விற்பனையும் கணக்கும் அவன் பொறுப்பு.

"ஒரு புது ஆளைச் சேர்க்கிறதுக்கு நமக்குச் செலவு இருக்கு மேடம். விளம்பரம், முதல் வாரம் இலவசம், டயட் சொல்றவங்க வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறது, புது டப்பா செட்டு. முன்னாடியெல்லாம் கூட்டிக் கழிச்சா அவங்க அஞ்சு மாசம் இருந்தாத்தான் போட்டது திரும்பி வரும். போன வருஷம் ஒரு ஏஜென்ட் கிடைச்சார். விளம்பரமே வேண்டாம், ஒரு ஆளுக்குக் கால் மாசச் சந்தாவைக் கமிஷனாக் கொடுத்தாப் போதும்னார். செலவு பாதியாயிடுச்சு. ஆளும் மளமளன்னு சேர்ந்தாங்க. அதை நம்பித்தான் பெரிய அடுப்பு போட்டோம், ஆறு பேரைப் புதுசா எடுத்தோம்."

"அப்புறம்?"

"பாதிச் செலவுன்னாலும் மூணு மாசமாவது இருக்கணும். ரெண்டாவது மாசமே போயிடறாங்க. இந்த மாசம் மட்டும் இருபத்தாறு பேர்."

"கல்யாணக் கடன் அடையறதுக்குள்ள மாப்பிள்ளை ஓடிடறார்," என்றான் ரேடியோ.

அண்ணி பேசினாள். "உள்ளேயிருந்து யாரோ நம்ம ஆளுங்க விவரத்தை இன்னொரு கம்பெனிக்குக் கொடுக்கிறாங்க. அவங்க விலையைக் குறைச்சு இழுத்துட்டுப் போறாங்க. இது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியுது. யாருன்னுதான் தெரியல."

"சாயங்காலம் யார் வர்றாங்க?"

"பெரிய உணவுக் கம்பெனி ஆள். நம்ம பேரையும் வாடிக்கையாளர்களையும் மட்டும் வாங்கிக்கிறாங்களாம். சமையலறை வேண்டாமாம். ஒவ்வொரு தடவை வரும்போதும் விலையைக் குறைக்கிறார்."

"இன்னிக்கு விட்டா அடுத்த தடவை இந்த விலையும் கிடைக்காது அண்ணி," என்றான் கொழுந்தன் தரையைப் பார்த்தபடி.

ரேடியோ ஆடிட்டரை ஓரக்கண்ணால் பார்த்தான். அண்ணிக்கு அந்தப் பார்வை புரிந்தது. அவளுக்குள்ளும் அதே சந்தேகம் இரண்டு வாரமாகக் குடைந்துகொண்டிருந்தது. விற்றே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவன் இவன் ஒருவன்தான்.

ஆடிட்டர் எழுந்து மூலைக்குப் போனார். விட்டுப்போனவர்கள் திருப்பி அனுப்பிய டப்பாக்கள் அங்கே அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தார். இன்னொன்றை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதையெல்லாம் நீங்க கழுவி வெச்சீங்களா?"

"இல்லையே. அப்படியேதான் வந்தது."

"எல்லாரும் திருப்பிக் கொடுத்திருக்காங்க. ஒரு மூடிகூடக் குறையல. ஸ்பூனைக் காகிதத்துல சுத்தி வெச்சிருக்காங்க. ரேடியோ, நீ கேபிள் கம்பெனியை மாத்தினியே, அவங்க பெட்டியை என்ன செஞ்சே?"

"மூணு வருஷம் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன் மேடம். அப்புறம் அதைக் காணோம்."

"பார்த்தீங்களா? ருசி பிடிக்காம, வேற இடத்துல மலிவாக் கிடைச்சுப் போறவங்க இப்படித்தான் செய்வாங்க. டப்பாவைத் தேய்ச்சுத் துடைச்சு யாரும் மரியாதையா அனுப்ப மாட்டாங்க." ஆடிட்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "போறதுக்கு என்ன காரணம் சொல்றாங்க?"

கொழுந்தன் திரையைக் காட்டினான். சந்தாவை நிறுத்துகிறவர்கள் நான்கு பதில்களில் ஒன்றை அழுத்த வேண்டும். விலை அதிகம். ருசி பிடிக்கவில்லை. வேறு ஊருக்குப் போகிறோம். தேவை இல்லை.

கிட்டத்தட்ட எல்லாருமே கடைசியைத்தான் அழுத்தியிருந்தார்கள்.

"வண்டியை எடு ரேடியோ. தேவை இல்லைன்னா என்ன அர்த்தம்னு கேட்டுட்டு வரலாம். அண்ணி, நீங்களும் வாங்க. தம்பி இங்கேயே இருக்கட்டும்."

*

அது மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கம்பெனி என்றதும் அவர் முகம் மாறியது.

"டப்பா வந்து சேரலையா? கழுவிக் கொடுத்தோமே."

"வந்துடுச்சு சார்," என்றார் ஆடிட்டர். "ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம். எங்க மேல ஏதாவது குறையா?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அண்ணியின் பார்வையும் அந்தப் பக்கம் போனது. ஜன்னல் ஓரமாக ஓர் அறை காலியாகக் கிடந்தது. தரையில் நான்கு இடத்தில் சக்கரம் அழுந்திய தடம். சுவரில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டிய ஆணி. கம்பெனிக்கு முன்னால் இரண்டு வருடம் அவள் வாழ்ந்தது அப்படிப்பட்ட ஓர் அறையில்தான்.

"அம்மாவுக்காக வாங்கினது," என்றார் அவர். "அம்மா போயிட்டாங்க. நிறுத்தணும்னு பார்த்தா நாலு பதில்தான் இருந்தது. அதுல இது இல்ல. அதனால தேவை இல்லைன்னு அழுத்தினேன்." மன்னிப்புக் கேட்கிற குரலில் தொடர்ந்தார். "சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லைங்க. அம்மா ரெண்டு ஸ்பூன்தான் சாப்பிட்டாங்க. ஆனா அதை விருப்பமாச் சாப்பிட்டாங்க."

படியிறங்கியதும் ரேடியோ அண்ணிக்காகக் கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

காரில் உட்கார்ந்து ஆடிட்டர் ஒவ்வொருவராகப் போனில் அழைத்தார். ஒரு கணவர். ஒரு மகள். ஒரு பேரன். எல்லா வீட்டிலும் அதே செய்தி. ஐந்தாவது அழைப்புக்குப் பிறகு அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும். இனிமேல் என்னால கேட்க முடியாது."

"யாரும் உங்க ஆளுங்களை இழுத்துட்டுப் போகல அண்ணி. இப்போ பேசின அஞ்சு பேரும் ஏஜென்ட் சேர்த்தவங்க. அந்த ஆள் சேர்க்கிறவங்க எல்லாம் ஆஸ்பத்திரி கைவிட்டு வீட்டுக்கு அனுப்பினவங்க. அந்த நிலைமையில இருக்கிற குடும்பம் எதுக்கும் உடனே தலையாட்டும். பேரம் பேசாது, யோசிக்கணும்னு சொல்லாது. அதனாலதான் சேர்க்கிற செலவு குறைஞ்சுது. அதனாலதான் ரெண்டு மாசத்துக்கு மேல நிக்கல."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வேற யாருக்குத் தெரியலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." கணவனுக்குக் கடைசி மாதத்தில் எதை எவ்வளவு கரைத்துக் கொடுத்தாளோ, அதே அளவைத்தான் புது வாடிக்கையாளர்களுக்கு டயட் அட்டையில் எழுதியிருந்தார்கள். தினமும் அந்த அட்டையைப் பார்த்துப் பார்த்து டப்பாவில் ஊற்றியவள் அவள். அட்டைக்குப் பின்னால் ஆள் இருப்பது ஒரு நாளும் உறைக்கவில்லை.

"அந்த ஏஜென்ட் யாரு?" என்று கேட்டான் ரேடியோ.

"போன்லதான் பேசுவார். நேர்ல நாங்க பார்த்ததில்ல. குரல் மட்டும் தேன் மாதிரி இருக்கும். கொழுந்தன்கூட அவரைத் தேன்குரல்னுதான் சொல்வான்."

*

அடுத்தது, ஏஜென்ட் சேர்த்து இன்னும் விட்டுப்போகாத வீடு. சந்துக்குள் சந்தாகப் போய், தையல் மெஷின் சத்தம் கேட்கும் ஒரு வாசலில் நின்றார்கள். தைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் சக்கரம் வைத்த இரும்புக் கட்டிலில் ஒரு மனிதர் சுவர்ப் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். போர்வைக்குள் ஆள் இருக்கிறார் என்று சொன்னால்தான் தெரியும்.

அண்ணி தான் யார் என்று சொன்னதும் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாக அலமாரியைத் திறந்தாள். "ரெண்டாவது மாசத்துக்கு இப்பவே கட்டிடவா? எடுத்து வெச்சிருக்கேன்."

"வேண்டாம்மா. உங்களைச் சேர்த்துவிட்டவர் என்ன சொன்னார்?"

"மூணு மாசம் விடாம இதைக் கொடுத்தா எழுந்து நடப்பார்னார்."

அண்ணி அவளை வாசலுக்கு வெளியே அழைத்துப் போனாள். "எங்க சாப்பாடு அதையெல்லாம் செய்யாதும்மா. வயித்தை உறுத்தாது, நாக்குக்கு நல்லா இருக்கும். அவ்வளவுதான். பணத்தை வெச்சுக்கோங்க."

அந்தப் பெண் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியாதா என்ன? டாக்டர் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார். எழுந்து நடப்பார்னு அந்த ஆள் சொன்னப்போ, இவர் காதுல விழட்டும்னுதான் நான் கட்டில் பக்கத்துலேயே நின்னு கேட்டுக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினார்."

ஆடிட்டர்தான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"கட்டில் வாடகைக்கு எடுத்ததா?"

"அதே ஆள்தான். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். கட்டிலும் தர்றேன், சாப்பாடும் ஏற்பாடு பண்றேன்னார். என்கிட்ட அவ்வளவு இல்லைன்னேன். முதல் மாசச் சந்தாவுல பாதியை நான் போட்டுக்கிறேன், நீங்க மீதியைக் கொடுங்கன்னார். மனுஷன் நல்லவர்னு நினைச்சேன்."

"பாதியை அவரே கட்டினாரா?"

"ஆமா. எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாராம்."

ஆடிட்டர் கட்டில் காலில் ஒட்டியிருந்த கடை முகவரியை ஒரு தரம் பார்த்தார். காருக்குத் திரும்பும் வழியில் நடை வேகமாகியிருந்தது.

"ரேடியோ, ஒரு கணக்கு. இவங்க கொடுக்கிற கமிஷன் கால் மாசம். அவன் கையிலேர்ந்து போடறது அரை மாசம்."

"அப்போ ஒவ்வொரு ஆளுக்கும் அவனுக்குக் கால் மாசம் நஷ்டம். மேடம், நஷ்டத்துல ஓடுற ஏஜென்ட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. என் மாமா ஒருத்தர்தான் அப்படி வியாபாரம் பண்ணினார். அவரும் தெரியாம பண்ணினார்."

"இவன் தெரிஞ்சுதான் பண்றான். சேர்க்கிற செலவு குறைஞ்சுதுன்னு இவங்க கணக்குல வந்திருக்கு. நிஜத்துல குறையவே இல்ல. மீதியை வேற யாரோ கட்டிக்கிட்டிருக்காங்க."

"என் கம்பெனிக்கு ஆள் சேர்க்கிறதுக்கு வேற யாரு மேடம் காசு போடுவாங்க?" என்றாள் அண்ணி.

"கட்டில் கடையில போய்க் கேட்போம்," என்றார் ஆடிட்டர்.

*

கடை மெயின் ரோட்டில் இருந்தது. வாசலில் சக்கர நாற்காலிகள், உள்ளே கட்டில்கள், மூலையில் ஆக்சிஜன் உருளைகள். ரேடியோ உள்ளே நுழைந்தபடியே ஏஜென்ட்டின் எண்ணுக்குப் போன் போட்டான். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"எடுங்க சார், நான்தான்," என்றான் ரேடியோ.

தேன்குரல் பார்வைக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். கலங்கவே இல்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"சாகப்போறவங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவிட்டீங்க," என்றாள் அண்ணி. "எழுந்து நடப்பாங்கன்னு பொய் சொல்லி."

"நீங்க என்னம்மா கேட்டீங்க? ஆள் கேட்டீங்க. ஒரு தலைக்கு இவ்வளவுன்னு ரேட்டு பேசினீங்க. கொண்டுவந்தேன். எத்தனை நாள் இருப்பாங்கன்னு உங்க தரப்புல ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கலையே." அந்தக் குரலில் இப்போதும் தேன் குறையவில்லை. "கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

அண்ணிக்கு அறைந்த மாதிரி இருந்தது. அவன் அயோக்கியன். ஆனால் சொன்னது பொய்யில்லை.

"தள்ளுபடி கொடுக்கிறீங்களாமே, அந்தப் பணம் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டார் ஆடிட்டர்.

"மனசுலேர்ந்து வருது," என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. வெளியே வந்தபோது ஒரு வேனிலிருந்து கட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியில் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு அட்டை கட்டியிருந்தது. அண்ணி அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இது மஞ்சள் கேட் வீடு. அந்த அம்மாவுக்கு இன்னிக்குக் காலையிலகூட நான்தான் டப்பா கட்டினேன்."

இறக்கியவரிடம் ரேடியோ விசாரித்தான். முந்தாநாளே காலமாகிவிட்டார்களாம். கட்டிலை இன்று காலையில்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

"அவங்க இன்னும் நிறுத்தச் சொல்லலையா?" என்றார் ஆடிட்டர்.

"இல்ல. சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"சரி. சாயங்காலம் வரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க கொழுந்தன்கிட்டயும் சேர்த்துத்தான் சொல்றேன்."

கார் கிளம்பியதும் அண்ணி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாருக்காக அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ரேடியோ வண்டிக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். வண்டியை மெதுவாக ஓட்டினான்.

*

பெரிய கம்பெனி ஆள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். சாம்பல் நிறக் கோட்டு, வழவழப்பான தோல் பை. ஆடிட்டரைத் தூரத்து உறவு என்று அறிமுகப்படுத்தினார்கள். தூரத்து உறவின் தம்பி என்று ரேடியோ தானாகவே சேர்ந்துகொண்டான்.

கோட்டுக்காரர் பத்திரத்தை விரித்தார். போன தடவை சொன்னதைவிட விலை இன்னும் இறங்கியிருந்தது. கொழுந்தனின் முகம் செத்துவிட்டது.

"சார், போன வாரம் வேற சொன்னீங்களே."

"போன வாரம் நிலைமை வேறயா இருந்தது. நான் வாங்குறது உங்க வாடிக்கையாளர்களை. அவங்க நிக்க மாட்டேங்கிறாங்களே. இந்த மாசம் இருபத்தேழு பேர் போயிருக்காங்க."

"இருபத்தாறு சார். நேத்துதானே அனுப்பினேன்."

"இருபத்தேழு," என்றார் கோட்டுக்காரர், பேனாவின் மூடியைத் திருகியபடி. "நான் கணக்குல தப்பு விடறதில்ல."

கொழுந்தன் குழப்பத்தோடு கம்ப்யூட்டரைப் பார்த்தான். திரையில் இருபத்தாறுதான் இருந்தது. அவன் முகத்தில் இருந்த அந்த வெள்ளந்தியான குழப்பத்தைப் பார்த்ததுமே அண்ணிக்கு இரண்டு வாரச் சந்தேகம் கரைந்துபோனது. இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

ஆடிட்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார்.

"இருபத்தேழாவது ஆள் யாரு சார்?"

"என்னது?"

"இவங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சமையலறைக்குத் தெரியாது. அந்த வீட்டுல இன்னும் யாரும் நிறுத்தச் சொல்லல. அங்கே ஒரு அம்மா தவறிட்டாங்கன்னு அவங்க வீட்டைத் தவிர வெளியில தெரிஞ்சது கட்டில் கடைக்காரருக்கு மட்டும்தான். அவர் இன்னிக்குக் காலையில கட்டிலைத் திருப்பி எடுத்தார். சாயங்காலத்துக்குள்ள உங்க கணக்குல ஒண்ணு கூடியிருக்கு."

பேனா மூடி திருகுவதை நிறுத்தியது.

"நல்ல யோசனைதான் சார்," என்று ஆடிட்டர் சாவகாசமாகத் தொடர்ந்தார். "ஒரு கம்பெனியை மலிவா வாங்கணும்னா, அதுக்கு ஆள் வராமத் தடுக்கணும்னு எல்லாரும் நினைப்பாங்க. நீங்க ஆளைக் கொண்டுவந்து கொட்டினீங்க. நிக்க முடியாத ஆளாப் பார்த்து. சேர்ற கணக்கைப் பார்த்து இவங்க அடுப்பைப் பெரிசாக்கினாங்க. போற கணக்கைக் காட்டி நீங்க விலையைக் குறைச்சீங்க. அரை மாசத் தள்ளுபடியைக் கட்டின புண்ணியவான் நீங்கதான்."

"இதையெல்லாம் நிரூபிக்க முடியுமா?"

"அதுக்கு எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். இன்னிக்கு இவங்க கையெழுத்துப் போடாம இருந்தாப் போதும்."

கோட்டுக்காரர் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் அண்ணியைப் பயமுறுத்தியது. கதவருகில் நின்று அவளிடம் மட்டும் சொன்னார்.

"நான் போயிட்டாலும் உங்க அடுப்பு சின்னதாகாது. பதினாலு பேர் சம்பளமும் குறையாது. நீங்களா என்னைக் கூப்பிடுவீங்க."

அவர் போன பிறகு ரேடியோ முதலில் வாயைத் திறந்தான். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போனார் பாருங்க. வளர்ப்பு நல்ல வளர்ப்புதான்."

கொழுந்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "செலவு பாதியாயிடுச்சுன்னு நான்தான் அண்ணி குதிச்சேன். யாரு வர்றாங்கன்னு ஒரு வீட்டுக்குக்கூடப் போய்ப் பார்க்கல."

"நானும் பார்க்கலையே," என்றாள் அண்ணி.

"ஒண்ணு மட்டும் பாருங்க," என்றார் ஆடிட்டர். "ஏஜென்ட் சேர்த்தவங்களைத் தனியா எடுத்து வெச்சா, மத்தவங்கள்ல இந்த வருஷம் போனவங்க விரல் விட்டு எண்ணலாம். ரெண்டையும் ஒரே கணக்குல கலந்ததாலதான் மொத்தமும் அழுகின மாதிரி தெரிஞ்சுது. உங்க பழைய ஆளுங்க உங்களை விட்டு எங்கேயும் போகல."

"அவங்களுக்குச் சமைக்க எட்டுப் பேர் போதும் மேடம். மீதி ஆறு பேர்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

ஆடிட்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அண்ணி அவரையும் ரேடியோவையும் வாசல் வரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து போனை எடுத்தாள். மஞ்சள் கேட் வீட்டுக்கு நாளையும் டப்பா போய் வாசலில் தொங்கக்கூடாது. அந்தக் குடும்பம் நான்கு பதில்களில் ஒன்றைத் தேடி அழுத்த வேண்டிய நிலைமையும் வரக்கூடாது.

எடுத்தது மருமகள். அண்ணி தான் யார் என்று சொல்லி, விஷயம் தெரியும் என்று சொல்லி, இரண்டு நாளாகச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்ததற்கு வருத்தம் சொன்னாள். "நானே நிறுத்திடறேம்மா. நீங்க எதுவும் செய்ய வேண்டாம். கட்டின பணத்துல மிச்சம் வந்துடும்."

"நிறுத்தாதீங்க," என்றாள் அந்தப் பெண். "ரெண்டு நாளா வந்ததை மாமாதான் சாப்பிட்டார். வேற எதைக் கொடுத்தாலும் தொட மாட்டேங்கிறார். அத்தையோட டப்பாவைத் திறந்து வெச்சா உட்கார்ந்து சாப்பிடறார். அவருக்குச் சர்க்கரை வேற இருக்கு. எங்களுக்கு என்ன கொடுக்கிறதுன்னே தெரியல."

அண்ணி மேஜையிலிருந்து பேனாவை எடுத்தாள். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் போயிருந்தார். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் மிச்சம் இருந்திருப்பார். நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று அந்த மிச்சமிருந்தவரை அவள் கம்பெனியிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"அவர் வயசு என்னம்மா? மாத்திரையா, ஊசியா? பல் எப்படி, மெல்ல முடியுமா?"

மருமகள் சொல்லச் சொல்ல அண்ணி ஒரு புது டயட் அட்டையில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு மேலே பெயர் எழுதும் இடத்தில் பேனாவை நிறுத்தினாள். இதுவரை அவள் எந்த வீட்டிலும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அவரை நாளைக்கு நான் வந்து பார்க்கலாமா?"

பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பதினான்கு பேரும் வீட்டுக்குப் போகாமல் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். வாயிலிருந்து என்ன வரும் என்று அவள் முகத்தையே பார்த்தார்கள். அண்ணி கதவைச் சாத்திவிட்டு அவர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் உட்காருங்க," என்றாள். "எதையும் மறைக்காம மொத்தமாச் சொல்லிடறேன்."